நந்தம்பாக்கம் போர்க் கல்லறையில் அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஏன் ஒரே மாதிரி கல்?

போர்க் கல்லறை என்பது போர்க்காலத்தில் இறந்த படையினருக்கென ஒதுக்கிப் பராமரிக்கப்படும் இடம். சென்னை மவுண்ட்-பூந்தமல்லி சாலையில் இருப்பது சின்னதுதான். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இறந்த சுமார் 850 பேர் அங்கே இருக்கிறார்கள்.

இந்தக் கல்லறைகளைப் பராமரிக்க பிரிட்டிஷ் பேரரசு 1917-இல் தொடங்கிய போர்க் கல்லறை ஆணையம் ஆரம்பத்திலேயே முடிவெடுத்துவிட்டது: பதவி, இனம், மதம் பார்த்துக் கல் வேறுபடக் கூடாது. உடலைச் சொந்த ஊருக்குக் கொண்டுபோகவும் விடவில்லை. வசதியுள்ள குடும்பம் கொண்டுபோகும், ஏழைக் குடும்பம் என்ன செய்யும்? கல்யாணப் பந்தி மாதிரிதான். மொய் எவ்வளவு எழுதினாலும் இலை ஒன்றே.

ஆனால் குனிந்து பாருங்கள். மேலே படைப்பிரிவின் சின்னம், நடுவில் பெயர், இறந்த தேதி, வயது. பல கற்களின் அடியில் வீட்டார் எழுதித் தந்த ஓரிரு வரி. என்னைக் கேட்டால், அந்த வரிகளுக்காகவே ஒருமுறை போகலாம்.

அப்புறம், இவர்கள் சென்னையில் சண்டையிட்டு இறந்தவர்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, தென்னிந்தியா, கிழக்கிந்தியாவில் நிரந்தரப் பராமரிப்புக்கு வழியில்லாத பல கல்லறைகளிலிருந்து 1952 வாக்கில் இங்கே கொண்டுவரப்பட்டவர்கள்.