டில்லி போட்ட கையெழுத்தும் நம் மலையும்: கேள்வி பதில்

அண்டை நாட்டு உறவு பற்றிக் கேட்கச் சொன்னேன், கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே நிபந்தனை: ஒப்பந்தம் என்று எழுதினால் ஆண்டையும் எழுதுங்கள். ஆண்டில்லாத ஒப்பந்தம் வெறும் வதந்தி.

சார்க் இன்னும் இருக்கிறதா? (ஊட்டி)

தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பு அது. காத்மாண்டுவில் அலுவலகம் இருக்கிறது. உச்சி மாநாடு 2014க்குப் பிறகு கூடவில்லை. டில்லியின் கவனம் வங்காள விரிகுடா நாடுகளின் கூட்டமைப்பான, பாகிஸ்தான் இல்லாத பிம்ஸ்டெக் பக்கம் போய்விட்டது.

கச்சத்தீவை ஏன் கொடுத்தோம்? (குன்னூர்)

1974 ஒப்பந்தத்தில் தீவு இலங்கைப் பக்கம் போனது. ஒருவர் கடலில் மற்றவர் மீன்பிடிக்கக் கூடாது என்றது 1976 கடிதப் பரிமாற்றம். இரண்டையும் குழப்பாதீர்கள்.

இலங்கைத் தேயிலையை உள்ளே விட்டதால்தானே பச்சைத் தேயிலைக்கு விலை இல்லை? (கோத்தகிரி, சிறு விவசாயி)

உங்கள் கோபம் நியாயம், காட்டும் விரல் பாதிதான் சரி. 1998இல் கையெழுத்தாகி 2000இல் நடைமுறைக்கு வந்த இந்திய–இலங்கை வணிக ஒப்பந்தம், ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி கிலோ வரை சலுகை வரியில் அனுமதித்தது. இந்தியாவின் விளைச்சலோ 130 கோடி கிலோ. நமக்கு விழுந்த பெரிய அடி வேறு. நீலகிரித் தூள் பெருமளவு சோவியத் நாட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது, டாலர் வேண்டாம், ரூபாயிலேயே கணக்கு. 1991இல் அந்த நாடே இல்லாமல் போனது. வாங்குபவர் ஒருவரையே நம்பியிருந்ததன் விலையை, 90களின் கடைசியில் நம் தொழிற்சாலை வாசலில் பார்த்தோம்.

குன்னூர் மார்க்கெட்டில் வெளிநாட்டு ராணுவ அதிகாரிகள் காய்கறி வாங்குகிறார்களே? (அருவங்காடு)

வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜில் படிக்க வருபவர்கள். நட்பு நாடுகளின் அதிகாரிகளுக்கும் அங்கே இடம் உண்டு. இருபது வருடம் கழித்து அவர்களில் ஒருவர் தன் நாட்டுப் படைக்குத் தலைவரானால், அவருக்கு நம் ஊர்க் குளிர் நினைவிருக்கும். செலவு குறைந்த ராஜதந்திரம்.

கச்சத்தீவைத் திரும்பப் பெற முடியுமா? (குந்தா)

மேலே பாருங்கள்.

சிலோன் அகதிகளுக்குத் தமிழக அரசின் தேயிலை நிறுவனமான டேன்டீயில் வேலை கொடுத்துவிட்டு உள்ளூர்க்காரனை விட்டுவிட்டார்களே? (பந்தலூர்)

அகதி என்ற சொல்லை முதலில் எடுங்கள். இலங்கை 1948இல் சட்டம் போட்டு மலையகத் தமிழரில், அதாவது தோட்ட வேலைக்குப் போன இந்திய வம்சாவளியினரில், பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் 9,75,000 பேரைப் பங்கு பிரித்தார்கள்: 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, மீதி பிறகு. அந்த மீதி 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். தலைமன்னாரில் கப்பல் ஏறி இராமேஸ்வரத்தில் இறங்கியவர்கள் குண்டுக்குத் தப்பி ஓடிவந்தவர்கள் இல்லை, இரு அரசுகளின் கையெழுத்தால் அனுப்பப்பட்டவர்கள். 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டமே அவர்களுக்காகத்தான். அவர்கள் தாயகம் திரும்பியோர்.

ஐயா, அந்தச் சொல்லும் தப்பு. என் பாட்டி நுவரெலியாவில் பிறந்தவர். இந்தியாவைப் பார்த்ததே இல்லை. திரும்பினார் என்றால் எங்கிருந்து எங்கே? (கூடலூர்)

நியாயம். முப்பது வருடம் வகுப்பில் அந்தச் சொல்லையே சொல்லிக்கொடுத்திருக்கிறேன், ஒருவர்கூட இப்படிக் கேட்டதில்லை. அரசு கோப்புகளில் அதுதான் பெயர், வேறு பெயர் எனக்குச் சொல்ல வரவில்லை. வீட்டில் பாட்டி என்ன சொல்வார்?

'அனுப்பிட்டாங்க' என்பார். அவ்வளவுதான். (கூடலூர்)

அப்படியானால் உள்ளூர்க்காரன் கேள்விக்குப் பதில்? (மறுபடி பந்தலூர்)

உங்களுக்கும் வேலை வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அதைக் கேட்க வேண்டியது சென்னையிடம். கொழுந்து பறிக்க வந்தவரிடம் அல்ல.

1974இல் கச்சத்தீவு ஒப்பந்தம் போட்டபோது... (ஊட்டி)

ஆண்டு போட்டதற்கு நன்றி. மேலே பாருங்கள்.