"அவனப் பாக்கவே இல்ல, கண்ணு"

வணக்கம் ஐயா,

கோயில்களைப் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் படிக்கிறவள். கடிதம் எழுதுவது இதுதான் முதல் முறை.

எங்கள் மகளுக்கு ஆறு மாதம் ஆனதும் குருவாயூரில் சோறு ஊட்டுவதாக வேண்டியிருந்தோம். போன மாதம் ஒரு சனிக்கிழமை கோவையிலிருந்து வேன் வைத்துக்கொண்டு ஒன்பது பேர் போனோம். காலையில் குருவாயூர், மதியத்துக்கு மேல் அதிரப்பள்ளி அருவி, ராத்திரி கொச்சி, மறுநாள் ஊருக்குத் திரும்புவதாகத் திட்டம். சோறூணு நல்லபடியாக நடந்தது. ஆனால் தரிசன வரிசையில் நான்கு மணி நேரம் ஆகிவிட்டது. அன்று முகூர்த்த நாள் வேறு. என் அத்தைக்கு, அதாவது கணவரின் அம்மாவுக்கு, 74 வயது. இரண்டு முழங்காலும் தேய்ந்துபோனவர். எப்படியோ நின்று நடந்து வந்துவிட்டார். சன்னதிக்கு நேரே வந்ததும் பின்னாலிருந்து தள்ளினார்கள், முன்னால் நின்றவர் நகரச் சொல்லிக் கையைக் காட்டினார், அடுத்த நிமிஷம் வெளியே இருந்தோம். வேன் கிளம்பி அரை மணி நேரம் கழித்து அத்தை மெதுவாகச் சொன்னார்: "நான் அவனப் பாக்கவே இல்ல, கண்ணு."

"இதுக்குத்தான் வீட்டுலயே கும்பிடலாம்னு சொன்னேன்" என்று என் கணவர் கத்திவிட்டார். அதற்கப்புறம் அருவியிலும் யாரும் யாருடனும் சரியாகப் பேசவில்லை.

பார்க்காமல் திரும்பியது குறையா? வேண்டுதல் நிறைவேறியதாக எடுத்துக்கொள்ளலாமா? இன்னொரு கேள்வி அத்தையுடையது. குழந்தைக் கண்ணன் என்கிறார்கள், படத்தில் பார்த்தால் சங்கு, சக்கரம், நான்கு கை. அது எப்படிக் குழந்தை?

பெயர் வேண்டாம்.
ஒரு வாசகி, கோவை

*

அன்புள்ள தங்கைக்கு,

வேண்டுதலைப் பற்றிக் கவலையே வேண்டாம். அந்த வாசலில் குழந்தைக்குச் சோறு ஊட்டுவதாகச் சொன்னீர்கள், ஊட்டிவிட்டீர்கள். அது முடிந்தது.

எனக்கு உங்கள் அத்தை சொன்ன அந்த ஒரு வரிதான் இரண்டு நாளாக மனசில் கிடக்கிறது. நான்கு மணி நேரம் அந்த முழங்காலோடு நின்றவர், யாரையும் குறை சொல்லாமல், அரை மணி நேரம் பொறுத்து, பார்க்கவில்லை என்பதை மட்டும் சொல்லியிருக்கிறார். அவருக்காக ஒரு கதை சொல்கிறேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் படித்துக் காட்டுங்கள்.

கோயிலுக்குள் ஒரு பெரிய உருளி நிறையச் சிவப்பு மணிகள் இருக்கும். மலையாளத்தில் மஞ்சாடிக்குரு, நமக்கு ஆனைக்குன்றிமணி. குழந்தைகளை இரண்டு கையாலும் அதை அள்ளி அள்ளிப் போடச் சொல்வார்கள். அந்த மணிகள் அங்கே வந்ததற்கு ஒரு கிழவியைக் காரணமாகச் சொல்கிறார்கள். கண்ணனுக்குக் கொடுக்க அவளிடம் எதுவும் இல்லை. மரத்தடியில் உதிர்ந்த மஞ்சாடி மணிகளைப் பொறுக்கிக் கழுவிக் காயவைத்து, ஒரு துணிப்பையில் கட்டி எடுத்துக்கொண்டு நாள்கணக்கில் நடந்து வந்தாள். அவள் வந்து சேர்ந்த நாளில் நாட்டின் அரசர் கோயிலுக்கு யானையைக் காணிக்கையாகக் கொடுக்க வந்திருந்தார். சேவகர்கள் கூட்டத்தை ஒதுக்கியதில் கிழவி கீழே விழுந்தாள். மணிகள் நாலாபக்கமும் சிதறின. அந்த நிமிஷமே யானைக்கு மதம் பிடித்தது. என்ன செய்தும் அடங்கவில்லை. அப்போது சன்னதிக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டதாம், "என் மஞ்சாடி மணி எங்கே?" என்று. எல்லோரும் தரையில் குனிந்து ஒவ்வொரு மணியாகப் பொறுக்கி, கிழவியிடம் மன்னிப்புக் கேட்டு, அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போனபிறகுதான் யானை அடங்கியது.

ஆக, அந்தக் கோயிலில் தள்ளுப்பட்ட முதல் பாட்டி உங்கள் அத்தை இல்லை. யானை கொடுத்த அரசர் யாரென்று கதை சொல்கிறவர்களுக்கே நினைவில்லை. கிழவியின் மணிகளில்தான் இன்றும் குழந்தைகள் கையை விடுகிறார்கள்.

சரி, நான்கு கைக்கு வருகிறேன். அத்தை சரியான இடத்தில் கேட்டிருக்கிறார். பாகவதத்தின் பத்தாவது ஸ்கந்தத்தில் கண்ணன் சிறையில் பிறக்கிற இடம். அங்கே ஒரே சுலோகத்துக்குள் 'அற்புதமான பாலகன்' என்றும் வருகிறது, 'நான்கு கை உடையவன்' என்றும் வருகிறது. பிறந்த குழந்தையே சங்கு, கதையோடு இருக்கிறது. வசுதேவர் கைகூப்புகிறார். தேவகிக்கோ பயம். கம்சன் கண்டுபிடித்துவிடுவான், இந்த உருவத்தை மறைத்துக்கொள் என்று கெஞ்சுகிறாள். பெற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவன் எல்லாக் குழந்தையையும் போல ஆகிவிடுகிறான். குருவாயூரில் இருப்பது அந்தக் கோலம் என்பது ஐதீகம். துவாரகையில் கண்ணனைப் பெற்றவர்கள் பூஜித்த விக்கிரகம் அது, துவாரகை கடலில் மூழ்கியபிறகு குருவும் வாயுவும் அதைக் கொண்டுவந்து இங்கே வைத்தார்கள், அதனால் குருவாயூர் என்று சொல்வார்கள்.

யோசித்துப் பாருங்கள். அது அம்மாவும் அப்பாவும் மட்டும் பார்த்த முகம். யசோதைக்குக்கூட அது கிடைக்கவில்லை. தேவகிக்கும் எவ்வளவு நேரம் கிடைத்தது? அன்று ராத்திரியே பிள்ளையைக் கையிலிருந்து கொடுத்துவிட்டாள். கொஞ்ச நேரம் பார்த்ததை வைத்துக்கொண்டு அவள் அத்தனை வருஷம் இருந்தாள்.

நான்கு கை இருந்தாலும் அங்கே நடக்கிற காரியம் பூராவும் குழந்தைக்கு நடக்கிற காரியம். விடியற்காலை 3 மணிக்கு நடை திறந்ததும் நிர்மால்யம். முந்தின ராத்திரி சாத்திய மாலையோடு, தூங்கி எழுந்த கோலத்தில் பார்க்கலாம். அப்புறம் எண்ணெய்க் குளியல். எண்ணெய் போக வாகைப் பொடி தேய்க்கிறார்கள், நாம் பிள்ளைகளுக்குப் பயத்தமாவு தேய்க்கிற மாதிரி. அதற்கு வாகச்சார்த்து என்று பெயர். பிறகு சங்கால் நீர் வார்ப்பார்கள். குளித்த குழந்தைக்கு உடனே பசிக்கும் இல்லையா, அதனால் மலர் நிவேத்தியம். மலர் என்றால் பூ இல்லை, நெற்பொரி. பிறகு அலங்காரம், உஷ பூஜை. யானை மேல் ஏற்றிப் பிராகாரம் சுற்றிவரும் சீவேலி. சமயம் சமயமாக நிவேத்தியம், உச்ச பூஜை. மதியத்தில் கொஞ்ச நேரம் கதவு சாத்தியிருக்கும். சாயங்காலம் சுற்றுவிளக்கு எல்லாம் ஏற்றித் தீபாராதனை. ராத்திரி அத்தாழ பூஜை, மறுபடி யானை மேல் ஒரு சுற்று. கடைசியில் வாசனைப் புகை காட்டுகிற திருப்புகை. அதற்குப் பிறகு அன்றைய வரவு செலவு எழுதிய ஓலையை அவன் முன்னால் படிக்கிறார்கள், ஓலவாயன என்று அதற்குப் பெயர். ராத்திரி படுக்கப்போகும் முன் கணக்குப் பார்க்கிற பழைய வீடுகள் எனக்கு ஞாபகம் வரும். எல்லாம் முடிந்து நடை சாத்தியபிறகு, வேண்டுதல் இருக்கிற நாள்களில், கண்ணன் கதையை ஆடிக் காட்டுகிற கிருஷ்ணனாட்டம் நடக்கும். கோழிக்கோட்டு அரசரான சாமூதிரி மானவேதன் 17ஆம் நூற்றாண்டில் எழுதியது. பிறப்பிலிருந்து சுவர்க்காரோகணம் வரை எட்டு நாள் கதை. கண்ணன் உடலை விட்ட கதையோடு நிறுத்த அவர்களுக்கு மனசு வராது. மறுபடியும் அவதாரத்தை ஆடித்தான் முடிப்பார்கள்.

இத்தனையும் நடக்கிற வீடு அது. குழந்தை இருக்கிற வீட்டுக்குப் போய்த் தொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டு உடனே அருவிக்குக் கிளம்புவோமா? குளிப்பாட்டும்போது பக்கத்தில் உட்காருவோம், ஊட்டும்போது வேடிக்கை பார்ப்போம், தூங்கினால் வெளித் திண்ணையில் காத்திருப்போம். நீங்கள் நான்கு மணி நேரம் நின்றதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த நான்கு மணி நேரமும் அதிரப்பள்ளி உங்கள் எல்லோர் மனசிலும் ஓடிக்கொண்டிருந்திருக்கும். யாராவது ஒருவர் மணியைப் பார்த்துக்கொண்டே இருந்திருப்பார்.

இதைச் சொல்கிற எனக்கும் அந்தத் தப்பு நடந்திருக்கிறது. பன்னிரண்டு வருஷம் முன்னால் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு நாளில் ஐந்து கோயில். குருவாயூர் நான்காவது. அதற்குள் அம்மாவின் கணுக்கால் இரண்டும் வீங்கி, செருப்பு ஏறவில்லை. வரிசையைப் பார்த்ததும், "நீங்க போயிட்டு வாங்கப்பா, நான் இங்கனயே இருக்கேன்" என்று சொல்லிவிட்டாள். எனக்கு எரிச்சல். இவ்வளவு தூரம் வந்து வெளியே நிற்பதா என்று முகத்தைக் காட்டிவிட்டு உள்ளே போனேன். உங்களுக்கு நடந்ததே எனக்கும் நடந்தது. எனக்கு முன்னால் இருந்தவர் தோளில் ஒரு குழந்தை, அதன் தலை நேராக மறைத்தது, நகரச் சொல்லிவிட்டார்கள்.

வெளியே வந்தால் உட்கார வைத்த இடத்தில் அம்மா இல்லை. கிழக்கு நடையில் தீபஸ்தம்பத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். செருப்பு இல்லை, சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்தியிருந்தாள். இமைக்காமல் உள்ளே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். "தெரியுதுடா" என்றாள். "எங்கம்மா?" "விளக்கு வரிசையா எரியுது பாரு, அதுக்குப் பின்னால." குனிந்து, அவள் கண் இருந்த உயரத்துக்கு என் கண்ணைக் கொண்டுபோய்ப் பார்த்தேன். முதலில் வெறும் தலைகள். பிறகு கூட்டம் லேசாக விலகியது. வாசலுக்குள் வாசலாக நேர்கோட்டில் திறந்து, கடைசியில் இருட்டுக்குள் சின்னச் சின்னச் சுடர்கள், நடுவில் பொன் போல ஒரு மினுக்கு. மறுபடி தலைகள் மறைத்துக்கொண்டன. அம்மா மட்டும் அந்த இடைவெளிகளுக்காக ஒரு மணி நேரம் அங்கேயே நின்றிருக்கிறாள். உள்ளே போன நான் பார்க்கவில்லை, வெளியே நின்ற அவள் பார்த்திருக்கிறாள். அவள் காலமாகி ஐந்து வருஷமாகிறது. மற்ற நான்கு கோயில்களில் அவள் எப்படி இருந்தாள் என்று எனக்கு ஞாபகமே இல்லை.

மேல்பத்தூர் நாராயண பட்டத்திரி 16ஆம் நூற்றாண்டில் வாத நோயோடு அந்தக் கோயிலுக்குள் வந்து உட்கார்ந்தார். நாளுக்கு ஒரு தசகமாக, அதாவது பத்துச் சுலோகம் போல, நூறு நாள் பாடினார் என்பார்கள். அதுதான் நாராயணீயம். நூறாவது தசகம்தான் 'அக்ரே பச்யாமி', இதோ எதிரே பார்க்கிறேன் என்று தொடங்குகிறது. உங்கள் அத்தைக்கு அதைச் சொல்லுங்கள். அவ்வளவு பெரிய கவிக்கே நூறு நாள் ஆகியிருக்கிறது.

உங்கள் கணவர் சொன்னதும் தப்பில்லை. வீட்டில் கும்பிடலாம், தாராளமாக. ஆனால் அந்த வரிசையைப் பற்றி அவரிடம் ஒன்று சொல்ல ஆசை. அந்த ஊர் அப்போது சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. எல்லாச் சாதியினரையும் உள்ளே விட வேண்டும் என்று காங்கிரஸ்காரர் கேளப்பன் தலைமையில் 1931 நவம்பர் 1 அன்று கோயில் வாசலில் சத்தியாகிரகம் தொடங்கியது. பின்னாளில் கம்யூனிஸ்ட் தலைவரான ஏ.கே. கோபாலன் அதில் தொண்டர்படைத் தலைவராக நின்று அடிபட்டவர். அடுத்த வருஷம் கேளப்பன் உண்ணாவிரதம் இருந்து, காந்தி கேட்டுக்கொண்டதால் நிறுத்தினார். கோயில் இருந்த பொன்னானி தாலுகாவில் மக்களிடம் கருத்துக் கேட்டபோது பெரும்பான்மையோர் திறக்கலாம் என்றார்கள். அப்படியும் கதவு திறக்க 1947 ஆகிவிட்டது. தெருவிலேயே நின்று, உள்ளே கால் வைக்காமலே செத்துப்போன எத்தனையோ பேரின் பேரப்பிள்ளைகளும் இன்று அந்த வரிசையில் நிற்கிறார்கள். கால் வலிக்கிறபோது இதை நினைப்பது எனக்கு உதவியிருக்கிறது.

இனி ஆக வேண்டியதைப் பார்ப்போம். அத்தையை மறுபடி கூட்டிக்கொண்டு போங்கள். ஒன்பது பேர் வேண்டாம். நீங்கள், உங்கள் கணவர், குழந்தை, அத்தை போதும். அருவி கிடையாது, கொச்சி கிடையாது. சனி ஞாயிறு, மலையாள மாதம் பிறக்கிற நாள், ஏகாதசி, முகூர்த்த நாள் இவற்றைத் தவிருங்கள். பெரிய முகூர்த்தங்களில் அந்த வாசலில் ஒரே நாளில் 200க்கும் மேல் கல்யாணம் நடக்கிறது. மதியத்துக்கு மேல் போய்ச் சேர்ந்து, கோயிலுக்குப் பக்கத்தில், மாடி ஏறத் தேவையில்லாத அறையாகப் பார்த்துத் தங்குங்கள். வயசானவர்களுக்குத் தனி வரிசை உண்டு. அது எந்த நேரம் என்று கிளம்பும் முன்பே கோயில் நிர்வாகமான தேவஸ்வத்தில் கேட்டுக்கொள்ளுங்கள், நேரம் மாறும். அவர் உள்ளே போகிறாரா, கிழக்கு நடையில் நிற்கிறாரா என்பதை அவரே முடிவு செய்யட்டும். ஒரு மடக்கு நாற்காலி வேனில் இருக்கட்டும். மம்மியூர் சிவனையும் பார்த்தால்தான் குருவாயூர் முழுசாகும் என்பார்கள். பக்கத்திலேயே இருக்கிறது, ஆட்டோவில் போய்விடலாம்.

முதல் நாள் சாயங்காலம் எந்த அவசரமும் இல்லாமல் விளக்கு ஏற்றுவதைப் பாருங்கள். மறுநாள் முடிந்தால் வாகச்சார்த்து. அத்தைக்கு எழுந்திருக்க முடியவில்லை என்றால் எழுப்ப வேண்டாம். அவருக்கு முடிகிற வேகத்தில்தான் எல்லோரும் நடக்க வேண்டும், உங்கள் கணவர் உட்பட.

போன தடவை உருளிப் பக்கம் போனீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. போகவில்லை என்றால் இந்த முறை குழந்தையை அங்கே கொண்டுபோங்கள். கை இன்னும் சின்னது, தானாக அள்ள வராது. பாட்டி பிடித்துக்கொள்ளட்டும். குழந்தை மணியை வாயில் போட்டுவிடாமல் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும், அத்தை என்ன சொன்னார் என்று எனக்கு இரண்டு வரி எழுதுங்கள்.

அன்புடன்.