பவுல் எதற்காக ஊழியம் செய்தார்? தெசலோனிக்கேயர் நம்பினார்கள், கொரிந்தியர் சந்தேகப்பட்டார்கள்

கேள்வி: அப்போஸ்தலன் பவுல் என்ன நோக்கத்தோடு ஊழியம் செய்தார்? ஓர் ஊழியக்காரரின் நோக்கம் சுத்தமானதுதானா என்று விசுவாசிகள் எப்படித் தெரிந்துகொள்வது?

எங்கள் சபையில் ஆறு வருஷம் பொருளாளராக இருந்தவன் நான். ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பையைக் கவிழ்த்து எண்ணுகிற வேலை. அந்த மேஜையில் உட்கார்ந்தவனுக்கு ஊழியக்காரர்களைப் பற்றிக் காதில் விழாத பேச்சே கிடையாது. அதனால் பணத்திலிருந்தே தொடங்குகிறேன்.

பவுல் மக்கெதோனியாவிலுள்ள பிலிப்பியில் அடி வாங்கி, தொழுமரத்தில் கால் மாட்டப்பட்டு, அங்கிருந்து தெசலோனிக்கேவுக்கு வந்தார். மக்கெதோனியாவின் தலைநகரம், துறைமுகம். மூன்று ஓய்வுநாட்கள் ஜெபாலயத்தில் பேசியதாக அப்போஸ்தலர் 17 சொல்கிறது. பிறகு கலகம். பவுலை ஏற்றுக்கொண்டிருந்த யாசோனின் வீட்டைக் கூட்டம் வளைத்துக்கொண்டது. யாசோனிடம் ஜாமீன் வாங்கிக்கொண்டுதான் அதிகாரிகள் விட்டார்கள். அன்று இரவே சகோதரர்கள் பவுலையும் உடன் ஊழியரான சீலாவையும் பெரோயாவுக்கு அனுப்பிவைத்தார்கள்.

யோசித்துப் பாருங்கள். புதிதாக வந்த ஒரு மனிதர் பேசினார், ஆட்கள் சேர்ந்தார்கள், பிரச்சினை வந்ததும் இரவோடு இரவாகப் போய்விட்டார். காசுக்கும் கைத்தட்டலுக்கும் ஊர் ஊராய்ப் போய்ப் பேசுகிறவர்கள் அந்தக் காலத்தில் ஏராளம். 'இவரும் அந்த ரகம்தான்' என்று யாராவது சொல்லியிருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஏறக்குறைய கி.பி. 50-51இல் கொரிந்துவிலிருந்து எழுதிய முதலாம் தெசலோனிக்கேயர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தை இந்தப் பின்னணியில் வாசித்தால், அது கணக்கு ஒப்புவிப்பது போலவே இருக்கும்.

அதில் ஐந்தாம் வசனத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். நாங்கள் இச்சகம், அதாவது முகஸ்துதி, பேசவில்லை என்கிறார். அதற்கு, உங்களுக்கே தெரியும் என்கிறார். பொருளாசையை மறைத்து வேஷம் போடவில்லை என்கிறார். அதற்குச் சாட்சி தேவன் என்கிறார். சாட்சியை ஏன் மாற்றினார்? முகஸ்துதி காதில் விழும், கேட்டவர்கள் சாட்சி சொல்லலாம். பேராசை உள்ளுக்குள் இருப்பது, அதை மனிதர் யாரும் பார்த்ததில்லை. தெரியாததற்கு அவர்களைச் சாட்சியாக இழுக்கவில்லை பவுல். உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பாதிப் பதில் இங்கேயே இருக்கிறது.

மீதிப் பாதி அவர்கள் கண்ணால் கண்டது. ஒருவர்மேலும் பாரம் சுமத்தக் கூடாதென்று இரவும் பகலும் வேலை செய்தார். கூடாரம் பண்ணுவது அவர் தொழில். பால் கொடுக்கிற தாயைப்போல, பிள்ளைக்குப் புத்தி சொல்லும் தகப்பனைப்போல நடந்துகொண்டோம் என்று ஒரே அதிகாரத்தில் எழுதுகிறார். அதற்காகப் பணமே தொடாதவர் என்று நினைத்துவிட வேண்டாம். தெசலோனிக்கேயில் இருந்தபோதே பிலிப்பியர் ஒன்றுக்கு இரண்டு தரம் உதவி அனுப்பினார்கள், அதை நன்றியோடு வாங்கிக்கொண்டார்.

கொரிந்துவில்தான் கதை தலைகீழானது. அங்கேயும் ஆக்கில்லா, பிரிஸ்கில்லா தம்பதியோடு கூடாரத் தொழில் செய்தார், சபையிடம் காசு வாங்கவில்லை. சுவிசேஷத்தை அறிவிக்கிறவர்கள் அதனால் பிழைக்கலாம் என்பது கர்த்தருடைய கட்டளை என்று அவரே வாதாடிவிட்டு, அந்த உரிமையை நான் பயன்படுத்தவில்லை என்றார். அவர்கள் மகிழ்ந்தார்களா? மனத்தாங்கல்தான் மிச்சம். கையால் உழைக்கிறவனை மட்டமாகப் பார்த்த ஊர் அது. பணம் கொடுத்து ஆதரிப்பது வசதியுள்ளவர்களுக்குக் கௌரவம். அதை மறுத்தால் அவமதிப்பு. மக்கெதோனியாவிலிருந்து வாங்கிக்கொள்கிறார், எங்களிடம் ஏன் வாங்கவில்லை? தந்திரமாக நம்மைப் பிடித்துவிட்டார் என்றுகூடப் பேச்சு வந்தது. இந்த அநியாயத்தை எனக்கு மன்னியுங்கள் என்று 2 கொரிந்தியர் 12இல் அவர் எழுதுவதில் உள்ள குத்தலை நான் ரொம்ப நாள் கவனிக்கவே இல்லை.

ஆக, அதே மனிதர், அதே தொழில், அதே கொள்கை. ஒரு ஊர் ஏற்றுக்கொண்டது, இன்னொரு ஊர் சந்தேகப்பட்டது. வாங்கினாலும் பேச்சு, வாங்காவிட்டாலும் பேச்சு.

சரி, நோக்கம் என்ன? அவர் வாயாலேயே கேட்டால், பிரசங்கிக்காவிட்டால் எனக்கு ஐயோ என்கிறார். கிறிஸ்துவின் அன்பு எங்களை நெருக்குகிறது என்கிறார். அதையெல்லாம்விட 1 தெசலோனிக்கேயர் 3தான் என்னை அசைக்கிறது. அவர்கள் என்ன ஆனார்களோ என்று பொறுக்கமாட்டாமல் உடன் ஊழியரான தீமோத்தேயுவை அனுப்புகிறார். நல்ல செய்தி வந்ததும், நீங்கள் நிலைத்திருந்தால் நாங்கள் பிழைத்திருப்போம் என்று எழுதுகிறார். ஊரில் பிள்ளைகளை விட்டுவந்த தகப்பனின் கடிதம் மாதிரி இருக்கும்.

விசுவாசிகள் எப்படி ஏற்றுக்கொள்வது என்பதற்கும் அந்த நிருபமே வழி காட்டுகிறது. தேவவசனமாகவே ஏற்றுக்கொண்டீர்கள் என்று இரண்டாம் அதிகாரத்தில் பாராட்டியவர், கடைசி அதிகாரத்தில் எல்லாவற்றையும் சோதித்துப் பாருங்கள் என்கிறார். பெரோயா ஊரார் பவுல் சொன்னதையே தினமும் வேதவாக்கியங்களோடு ஒத்துப் பார்த்தார்கள். அப்போஸ்தலர் புத்தகத்தை எழுதிய லூக்கா 17ஆம் அதிகாரத்தில் அவர்களை நற்குணசாலிகள் என்று எழுதிவைத்தார். சோதிப்பது அவிசுவாசம் என்று மேடையில் யாராவது மிரட்டினால் இந்த இரண்டு இடங்களையும் திறந்து காட்டுங்கள்.

ஆனால் அடுத்தவர் மனதுக்குள் டார்ச் அடித்துப் பார்க்கிற வேலை நமக்கு வேண்டாம். சிறையில் இருந்தபோது, தன்மேல் உள்ள பொறாமையால் சிலர் பிரசங்கிக்கிறார்கள் என்று பவுலுக்குத் தெரிந்தது. எப்படியானாலும் கிறிஸ்து அறிவிக்கப்படுகிறார், அதில் சந்தோஷம் என்றுதான் பிலிப்பியருக்கு எழுதினார். அத்தனை பெரிய மனது எனக்கு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பணக் கணக்கில் மட்டும் அவர் தளர்வே காட்டவில்லை. எருசலேம் ஏழைகளுக்கான காணிக்கையைக் கொண்டுபோக, உடன் ஊழியரான தீத்துவோடு சபைகள் தெரிந்துகொண்ட சகோதரனையும் சேர்த்து அனுப்பினார். கர்த்தருக்கு முன் மட்டுமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாக இருக்க வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம்.

இதை வைத்துத்தான் எங்கள் சபையிலும் இரண்டு பேர் சேர்ந்து எண்ணிக் கையெழுத்துப் போடலாம் என்று நான் சொன்னேன். ஒரு மூப்பருக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஏன் தம்பி, எங்களை நம்பலையா?" என்றார். "என்னை நம்ப வேண்டாம்னுதான் சொல்றேன் அண்ணாச்சி" என்று சொல்லி 2 கொரிந்தியர் 8ஐ எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தரம் வாசித்தார். அப்புறம் பேனாவைக் கேட்டார்.