டீச்சர் விட்டுப்போன டிரங்குப் பெட்டி: வாசகர் கேள்வி பதில்

போன மாதம் ஒரு பதிலில் அமெரிக்கப் புகைப்படக்காரர் டயான் ஆர்பஸ் பற்றிப் பேசும்போது, அவருடைய டீச்சர் லிசெட் மாடல் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே இந்த மாதம் அதிகம். லென்ஸ் விலை கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாடல் என்றதும் போஸ் கொடுக்கும் பெண் என்று நினைத்துவிட்டேன் சார். யார் இவர்? இறந்து நாற்பது வருஷம் ஆன ஒரு டீச்சரை ஏன் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறீர்கள்?
(வாசகர், விருதுநகர்)

நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன், வெட்கப்பட ஒன்றும் இல்லை. மாடல் என்பது கணவரின் குடும்பப் பெயர். எவ்ஸா மாடல், ரஷ்யாவில் பிறந்த ஓவியர். லிசெட் 1901-ல் வியன்னாவில் பிறந்தவர். சின்ன வயதில் படித்தது சங்கீதம், அதுவும் பெரிய இசையமைப்பாளர் அர்னால்ட் ஷோன்பெர்க்கிடம். அப்புறம் பாரிஸுக்குப் போய்ப் பாட்டு கற்றுக்கொண்டார். முப்பது வயது தாண்டும் வரை கேமராவுக்கும் அவருக்கும் பெரிதாகச் சம்பந்தமே இல்லை.

1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் ஜெர்மனியை விட்டு ஓடிவந்தவர்களில் ஹான்ஸ் ஐஸ்லர் என்ற இசையமைப்பாளரும் ஒருவர். காலம் கெட்டுப்போகிறது, பிழைக்க ஒரு வழியைப் பார்த்துக்கொள் என்று லிசெட்டை எச்சரித்தவர் அவர்தான். பிலிம் கழுவிப் பிரிண்ட் போடும் டார்க்ரூமில் ஒரு வேலை கிடைத்தால் போதும் என்றுதான் லிசெட் ஆரம்பித்தார். டார்க்ரூம் வேலையைச் சொல்லிக்கொடுத்தது தங்கை ஓல்கா. ரோஜி ஆந்த்ரே என்ற தோழி ரோலிஃப்ளெக்ஸ் கேமராவைக் கையாளச் சொல்லிக்கொடுத்து, மனசு துடிக்காத எதையும் படம் எடுக்காதே என்று சொன்னாராம். வாழ்நாள் முழுக்க லிசெட் திருப்பித் திருப்பிச் சொன்ன பாடம் அது.

1934-ல் பிரான்ஸின் நீஸ் நகரக் கடற்கரைச் சாலையில், வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பணக்காரர்களை எடுத்தார். கழுத்து மடிப்பு, தொப்பி நிழல், 'நீ யார் என்னைப் பார்க்க?' என்கிற கண்கள். 1938-ல் கணவரோடு நியூயார்க் வந்து சேர்ந்தார். கோனி ஐலண்ட் கடற்கரையில் ஒரு குண்டுப் பெண் முட்டியில் கை ஊன்றிக் குனிந்து நின்று சிரிக்கிறாரே, அந்தப் படத்தை எங்காவது நீங்கள் பார்த்திருப்பீர்கள், அது இவருடையதுதான். 'ஹார்ப்பர்ஸ் பஜார்' என்ற ஃபேஷன் பத்திரிகை 1941-ல் அதைப் போட்டது, ஃபேஷன் பத்திரிகையில் அப்படி ஒரு உடம்பு!

1951-லிருந்து நியூயார்க்கில் 'நியூ ஸ்கூல்' என்ற கல்லூரியில் பாடம் எடுக்க ஆரம்பித்து, 1983 மார்ச்சில் இறக்கும் வரை, அதாவது முப்பது வருஷத்துக்கும் மேல், சொல்லிக்கொடுத்தார். ஆர்பஸ், லாரி ஃபிங்க், பின்னாளில் இந்தியாவுக்கும் வந்து படம் எடுத்த ரோசலிண்ட் ஃபாக்ஸ் சாலமன் என்று மாணவர் வரிசை நீளம். ஏன் இன்னும் பேசுகிறோம் என்று கேட்டீர்கள் இல்லையா, ஒரே ஒரு விஷயம் சொல்கிறேன். ஆர்பஸ் அதற்கு முன்னால் பத்து வருஷத்துக்கு மேல் கணவரோடு ஃபேஷன் படம் எடுத்துச் சம்பாதித்தவர், தொழில் தெரியாதவர் இல்லை. அப்படிப்பட்டவர் 1956-ல், லிசெட்டிடம் படிக்கப்போன காலத்தில், ஒரு பிலிம் ரோலுக்கு '1' என்று நம்பர் போட்டார். அதற்கு முன்னால் எடுத்த எதற்கும் கணக்கு கிடையாது.

லிசெட் மாடல் வகுப்பில் டெக்னிக்கே பெரிதாகச் சொல்லித்தர மாட்டார் என்று படித்தேன். அப்படியானால் என்னதான் சொல்லிக்கொடுத்தார்? ஃபீஸ் வாங்கிக்கொண்டு தத்துவம் பேசுவது சுலபம்.
(வாசகர், ஈரோடு)

உங்கள் கோபம் புரிகிறது, நானும் அப்படிப்பட்ட வொர்க்‌ஷாப்புகளில் பணம் கட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். மதியச் சாப்பாடு மட்டும் நன்றாக இருக்கும்.

லிசெட் அடிக்கடி சொன்னதாக எல்லோரும் நினைவுகூர்வது இது: எதிரே இருப்பது உன் அடிவயிற்றில் வந்து மோதும் வரை பட்டனை அழுத்தாதே. கேட்டால் தத்துவம் மாதிரிதான் இருக்கிறது. ஆனால் பன்னிரண்டே படம் விழும் 120 பிலிமைப் போட்டுக்கொண்டு தெருவில் நின்று பாருங்கள், இதைவிட நடைமுறையான பாடம் கிடையாது. எதைக் கண்டு ஒதுங்குகிறோம், எதைப் பார்க்காதது மாதிரி பார்க்கிறோம் என்று முதலில் தனக்கே தெரிய வேண்டும். லென்ஸ் துவாரமான அபெர்ச்சர் எவ்வளவு என்பதை எந்த ஸ்டூடியோ அண்ணனும் ஒரு டீ குடிக்கும் நேரத்தில் சொல்லிக்கொடுத்துவிடுவார்.

ஆர்பஸ் ஒன்று சொல்லியிருக்கிறார்: ஒன்றை எவ்வளவு குறிப்பாகக் காட்டுகிறோமோ அவ்வளவுக்கு அது பொதுவானதாக ஆகும் என்பதைத் தனக்குக் கடைசியில் புரியவைத்தவர் லிசெட்தான் என்று. இதை நம் ஊர்க் கணக்கில் சொன்னால், 'ஏழைத் தாய்' என்று ஒரு படம் எடுத்தால் அது காலண்டருக்குப் போகும். தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டில் இடது காதில் மட்டும் தோடு போட்டுக்கொண்டு, பிள்ளைக்குப் பன்னைப் பிய்த்துக் கொடுக்கும் அந்த ஓர் அம்மாவை எடுத்தால், பார்க்கிறவனுக்குத் தன் அம்மா ஞாபகம் வரும்.

இன்னொன்று, லாரி ஃபிங்கின் படத்தையும் ஆர்பஸின் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஒரே டீச்சரிடம் படித்தவர்கள் என்று சொல்லவே முடியாது. இரண்டுமே லிசெட்டின் படம் மாதிரியும் இல்லை. நான் அவரைப் பெரிய டீச்சர் என்று சொல்வது இதற்காகத்தான். தன்னைப் போலவே படம் எடுக்கும் முப்பது பேரை உருவாக்குவது பெரிய காரியம் இல்லை, அதற்கு ஜெராக்ஸ் மெஷின் போதும்.

குண்டானவர்கள், குடிகாரர்கள், வயதானவர்கள்... லிசெட் அவர்களைக் கேலி செய்கிறார் என்று என் மகள் சொல்கிறாள்.
(வாசகி, நாகர்கோவில்)

நீஸ் படங்களில் கேலி இருக்கிறது, மறுக்கவில்லை. கோனி ஐலண்ட் பெண்ணை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். கேமரா கீழே இருக்கிறது, அந்த அம்மாள் கோபுரம் மாதிரி நிற்கிறார், சிரிப்பும் அவருடையது. இதற்கு மேல் வாதாட மாட்டேன், மகள்கள் எப்படியும் ஜெயிப்பார்கள்.

டீச்சர் வேலைக்குப் போனால் கலைஞன் செத்துவிடுவான் என்பார்களே, அவருக்கும் அதுதான் நடந்ததா?
(வாசகர், சேலம்)

ஓரளவுக்கு ஆமாம், ஆனால் பழி வகுப்பறை மேல் இல்லை. அவர் 'ஃபோட்டோ லீக்' என்ற அமைப்போடு சேர்ந்திருந்தார். அமெரிக்க அரசு அதைக் கம்யூனிஸ்ட் சார்பு என்று பட்டியலில் சேர்த்தது, 1951-ல் அதை மூடும்படி ஆயிற்று. லிசெட்டையும் அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. விசாரித்தது. பத்திரிகை வேலைகள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. ஜாஸ் இசைக்காரர்களை எடுத்த படங்களைப் புத்தகமாக்க நினைத்தார், அதுவும் வெளிவரவில்லை. அப்போது கையில் இருந்த நிலையான வருமானம் பாடம் எடுப்பதுதான். அவருடைய முதல் படப் புத்தகம் வந்தது 1979-ல், அப்போது அவருக்கு 77 வயது ஆகியிருந்தது. ஆர்பஸ் இறந்து எட்டு வருஷம் கழித்து, ஆர்பஸின் புத்தகம் உலகம் சுற்றி வந்த பிறகு. எந்த டீச்சருக்கும் இப்படி ஒரு நிலை வரக்கூடாது.

எங்கள் ஸ்கூல் டிராயிங் டீச்சர் இரண்டு மாதத்துக்கு முன் காலமானார். முப்பது வருஷம் எங்களைப் படம் எடுத்தவர், சனிக்கிழமைகளில் எங்களுக்கும் கேமரா சொல்லிக்கொடுத்தவர். அவருடைய மகள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய நெகட்டிவை எங்களிடம் கொடுத்து, 'அம்மா உங்களுக்காகத்தான் வைத்திருந்தார்' என்றார். திறக்கவே கை வரவில்லை. பழைய மாணவர்கள் சேர்ந்து நினைவுநாளுக்கு ஒரு கண்காட்சி வைக்கலாம் என்று இருக்கிறோம். எங்கிருந்து ஆரம்பிப்பது?
(வாசகி, கும்பகோணம்)

இந்தக் கடிதத்தை இரண்டு நாள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். எனக்குச் சொல்லிக்கொடுத்தவரின் நெகட்டிவ் எல்லாம் அவர் போன பிறகு, வெள்ளி எடுப்பதற்கென்று எக்ஸ்ரே பிலிமோடு சேர்த்து எடைக்குப் போடப்பட்டன. போட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை, வீடு மாற்றினார்கள், இடம் இல்லை. எனக்குத் தெரிந்தபோது ஒரு வாரம் தாண்டிவிட்டது. அதனால் முதலில் அந்த மகளுக்கு என் கும்பிடு.

பெட்டி பரணில் இருந்தால் இன்றைக்கே இறக்குங்கள். வீட்டிலேயே அதிகம் சூடாகிற இடம் அது. திறந்ததும் மோந்து பாருங்கள். வினிகர் மாதிரி புளிப்பு வாடை அடித்தால் பிலிமின் அடிப்பொருளான அசிடேட் கெட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அந்தச் சுருள்களைத் தனியாக எடுத்து வைத்து முதலில் ஸ்கேன் செய்யுங்கள், அந்த ஆவி பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். ரப்பர் பேண்டுகளையும், பிசுபிசுக்கிற பழைய பிளாஸ்டிக் உறைகளையும் கழற்றிப் போடுங்கள். பிவிசி உறை வேண்டாம், பாலிப்ராப்பிலீன் உறை அல்லது அமிலம் இல்லாத காகித உறை வாங்குங்கள். பூஞ்சை தெரிந்தால் ஈரத்துணியால் துடைக்கிற வேலை மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள், மேல் பூச்சே கையோடு வந்துவிடும். கலர் நெகட்டிவ் இருட்டில் வைத்தாலும் நிறம் மங்கும், அவற்றை முன்னால் முடியுங்கள். கறுப்பு வெள்ளை கொஞ்சம் பொறுக்கும். ஊட்டியில் தயாரான 'இந்து' பிலிம் டப்பா ஏதாவது கிடந்தால் காலி டப்பா என்று தூக்கிப் போடாதீர்கள், அதன் மேல் டீச்சர் கையெழுத்தில் தேதி இருந்தாலும் இருக்கும்.

முக்கியமான விஷயம், 'நல்ல படம்' மட்டும் பொறுக்காதீர்கள். எல்லா ஸ்ட்ரிப்பையும் வரிசை மாறாமல் எடுங்கள், ஓரத்தில் உள்ள நம்பரோடு. ஒரு ரோலை முழுசாகப் பார்த்தால்தான் அவர் எங்கே காத்திருந்தார், எதற்காக நாலு தரம் அழுத்தினார், எந்தப் பையனைத் திரும்பத் திரும்பத் தேடினார் என்பதெல்லாம் தெரியும். மேலே சொன்ன அடிவயிற்று மோதல் டீச்சருக்கு எப்போது வந்தது என்று அந்த வரிசைதான் காட்டும். தனிப் படம் அதைக் காட்டாது.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. பெட்டி உங்களிடம் வந்ததால் உரிமையும் வந்துவிடாது. எடுத்தவரின் ஆயுளுக்குப் பிறகு 60 வருஷம் காப்புரிமை வாரிசுகளுக்குத்தான். மகளிடம் ஒரு கடிதம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார். படத்தில் இருக்கிற பிள்ளைகள் இன்று தாத்தா பாட்டியாக இருந்தாலும், சுவரில் மாட்டுவதற்கு முன் ஒரு போன் போட்டுக் கேட்பது மரியாதை.

கண்காட்சியில் டீச்சர் படங்களோடு நீங்கள் எடுத்ததையும் வையுங்கள். அவர் மாதிரி எடுத்ததை வேண்டாம், அவர் பார்த்திருந்தால் 'என்னடி இது' என்று புருவத்தைத் தூக்கியிருப்பாரே, அதை. மாலை போட்ட பெரிய போட்டோவும் குத்துவிளக்கும் இருந்துவிட்டுப் போகட்டும், யார் வேண்டாம் என்றார்கள்.

ஆனால் ஸ்கேனர் வாங்குவதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. டீச்சரோடு வேலை பார்த்தவர்களில், முதல் வருஷ மாணவர்களில் இன்னும் இருப்பவர்கள் யார் யார் என்று பாருங்கள். அடியில் விளக்கு எரியும் லைட் டேபிள் கூட வேண்டாம். ஜன்னல் வெளிச்சத்தில் நெகட்டிவைப் பிடித்து, போன் கேமராவில் நிறத்தைத் திருப்பிப் போட்டுக் காட்டினால் முகம் தெரியும். ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு போங்கள். 'இது யாரு, இது எந்த வருஷ ஆண்டு விழா, பின்னால் நிற்கிற பியூன் பெயர் என்ன?' என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். படம் இன்னும் இருபது வருஷம் காத்திருக்கும், அவர்கள் காத்திருக்க மாட்டார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே போங்கள்.