தாத்தாவுக்குத் தெரியாது என்று யார் சொன்னது?

கேள்வி: என் தாத்தாவுக்கு 76 வயது. டிவியில் ரெஸ்லிங் போட்டால் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவார். போன வாரம் என் தம்பி, "எல்லாம் பேசி வச்சு ஆடுறாங்க தாத்தா, இதுக்குப் போயா கத்துற?" என்று சொல்லிவிட்டான். அதிலிருந்து அவர் டிவி பக்கமே வருவதில்லை. என்ன செய்வது?
- வாசகி, காசிமேடு

பதில்: தம்பி சொன்னது உண்மைதான். ஜெயிப்பவர் யார் என்பது முன்கூட்டியே முடிவாகிவிடும். இது பொழுதுபோக்குதான் என்று இந்த ஆட்டங்களை நடத்தும் WWE நிறுவனமே (அப்போது அதன் பெயர் WWF) 1989இல் நியூ ஜெர்சியில் ஒப்புக்கொண்டது. ஆனால் 'இத்தனை நாள் ஏமாந்தியா?' என்றுதான் தாத்தா காதில் விழுந்திருக்கும்.

நல்லவன் ஜெயிக்க வேண்டும் என்று துடிப்பவர்கள் ஒரு ரகம். நிறுவனம் அடுத்து யாரை ஸ்டார் ஆக்கும் என்று அலசும் உங்கள் தம்பி இன்னொரு ரகம். ரெஸ்லர்கள் படம் போட்ட டிரம்ப் கார்டில் உயரம், எடை, பைசெப்ஸ் பார்த்து வளர்ந்த நான், இன்னும் பழைய ஆட்களை விட்டு வெளியே வராத ரகம்.

2014 ஏப்ரல் 6, நியூ ஆர்லியன்ஸ். WWE ஆண்டுதோறும் நடத்தும் பெரிய நிகழ்ச்சியான ரெஸில்மேனியாவில் 21 முறை தோற்காத அண்டர்டேக்கரை பிராக் லெஸ்னர் வீழ்த்தினார். முடிவு எழுதி வைத்தது என்று தெரிந்த கூட்டம்தான் வாயடைத்து நின்றது. அதே இரவில் டேனியல் பிரையன் சாம்பியன் ஆனார். அவருக்காக மாதக்கணக்கில் "யெஸ், யெஸ்" என்று கத்தியே நிறுவனத்தின் திட்டத்தை மாற்ற வைத்தவர்கள் ரசிகர்கள். தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரும் சேர்ந்து போட்ட சத்தம் அது. பாரதக் கூத்தில் துரியோதனனைத் திட்டுகிற பாட்டிக்கு அது வேஷம் என்று தெரியாதா? தாத்தாவுக்கும் தெரிந்தே இருக்கலாம்.

(வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கு மட்டும் இன்றே சொல்லிவிடுங்கள். கட்டிலிலிருந்து தம்பி தங்கை மேல் குதிப்பது விளையாட்டில்லை.)

தம்பியை மன்னிப்புக் கேட்கச் சொல்ல வேண்டாம், பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். வடசென்னையில் அந்த வயதுக்காரர் சார்பட்டா, இடியப்ப நாயக்கர் பரம்பரைகளின் குத்துச்சண்டைகளைப் பற்றிக் கேட்டு வளர்ந்திருப்பார்; ஒன்றிரண்டை நேரிலேயே பார்த்தும் இருக்கலாம். அடி வாங்கும் உடம்பு அவருக்குப் புரியும். ரெஸ்லர்கள் மல்லாந்து விழும்போது தாடையை மார்போடு ஒட்டி, முதுகு முழுவதையும் தரையில் பரப்பி, இரு கைகளாலும் ஓங்கி அறைந்து விழுவார்கள். முடிவு எழுதி வைத்ததாக இருக்கலாம், முதுகு வலி நிஜம். அந்த இடம் வரும்போது, "தாத்தா, இவன் சரியா விழுந்தானா?" என்று தம்பி கேட்கட்டும். அவர் நாற்காலியை டிவிக்குக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொள்வார்.