சொந்த ஊர்க்காரர் கேட்டாலும் ஒரே பதில்

கேள்வி: பாளையங்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையின் வரவேற்பில் வேலை பார்க்கிறேன். என் ஊர் சேரன்மகாதேவிப் பக்கம். ஊர்க்காரர்கள் பலரும் இங்கேதான் வைத்தியத்துக்கு வருகிறார்கள். வீட்டுக்குப் போனால் சித்தி, "ஏளா, அவ எதுக்கு வந்திருந்தா?" என்று கேட்கிறார், சொல்லாவிட்டால் தலைக்கனம் என்கிறார்கள். மனைவியின் ரிப்போர்ட்டைக் கணவர் கேட்டால் கொடுக்கலாமா?

பதில்: என்ன நோய் என்பது மட்டுமல்ல, அவர் மருத்துவமனைக்கு வந்தார் என்பதே வெளியே போகக் கூடாத செய்திதான். மகப்பேறு மருத்துவரையோ மனநல மருத்துவரையோ பார்க்க வந்தார் என்று தெரிந்தாலே, மீதியை ஊர் தானாகக் கட்டிக்கொள்ளும். பலரும் செய்கிற தவறு, சாதாரணக் காய்ச்சலென்றால் "ஒண்ணுமில்ல, காய்ச்சல்தான்" என்று சொல்லிவிட்டு, சிக்கலான நோயென்றால் மட்டும் வாயை மூடிக்கொள்வது. அப்போது அந்த மௌனமே பதிலாகிவிடுகிறது. ஆகவே காய்ச்சலுக்கும் புற்றுநோய்க்கும் ஒரே பதிலாக, "ஆஸ்பத்திரி விவரம் எதையும் வெளிய சொல்லக் கூடாதுன்னு விதி, சித்தி" என்று சொல்லிப் பழகுங்கள். இரண்டு மூன்று முறை கோபிப்பார்கள், பிறகு கேட்பதை விட்டுவிடுவார்கள். நாளை தமக்கு ஒன்றென்றால் உங்களை நம்பி வரலாம் என்பதும் அவர்களுக்குப் புரியும்.

கணவர் கேட்பது இதைவிடக் கடினமானது. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, நோயாளியோ அவர் அனுமதித்த உடனாளரோ கேட்டால் மருத்துவப் பதிவேடுகளை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். 'அனுமதித்த' என்பதே இங்கு முக்கியம். தாலி கட்டியவர் என்பதாலேயே அந்த அனுமதி வந்துவிடாது. பதிவுப் படிவத்திலேயே ரிப்போர்ட்டை யாரிடம் கொடுக்கலாம் என்று நோயாளியைத் தனியே கேட்டு, எழுதி, கையெழுத்து வாங்கிவிட்டால், பிறகு கவுண்ட்டரில் வாக்குவாதம் வராது. கருக்கலைப்பு செய்துகொண்ட பெண்ணின் விவரத்தைச் சட்ட அதிகாரமில்லாதவரிடம் வெளியிடும் மருத்துவருக்கு ஓராண்டு வரை சிறை கிடைக்கலாம். எச்.ஐ.வி. நிலையை வெளியிடுவதற்கு 2017ஆம் ஆண்டுச் சட்டம் தனியாகவே தடை விதித்திருக்கிறது. துணைவருக்குத் தெரிவிக்க வேண்டிய நிலை வந்தாலும் அது மருத்துவரோ ஆலோசகரோ செய்ய வேண்டியது, உங்கள் பொறுப்பு அல்ல.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். செய்தி வாயால் கசிவதைவிடக் காகிதத்தாலும் கைபேசியாலும் கசிவதே அதிகம் என்பது என் எண்ணம். ரிப்போர்ட்டைப் படமெடுத்து ஊழியர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டால், அது அத்தனை பேர் கைபேசியிலும் தங்கிவிடும். வீட்டுப் பிள்ளைகள்கூடப் பார்ப்பார்கள். மருத்துவருக்கு அவசரமாக அனுப்ப வேண்டுமானால், மருத்துவமனைக் கைபேசியிலிருந்து அவருக்கு மட்டும் அனுப்புங்கள். கூடத்தில் பேரோடு பரிசோதனையின் பேரையும் சேர்த்துக் கூவாமல் டோக்கன் எண்ணைச் சொல்லுங்கள். கணினித் திரை பெஞ்சைப் பார்த்திருந்தால் திருப்பி வையுங்கள். பழைய ரிப்போர்ட்டுகளைக் கிழிக்காமல் எடைக்குப் போடும் வழக்கம் இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள்.

விதிவிலக்குகளும் உண்டு. காசநோயை அரசுக்கு அறிவித்தே தீர வேண்டும். குழந்தைகள் மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால், அதைச் சொல்லாமல் மறைப்பதுதான் போக்சோ சட்டப்படி குற்றம். ஆயினும் இவற்றை மருத்துவரும் நிர்வாகமும் உரிய அலுவலகத்துக்கே தெரிவிப்பார்கள். காவல்துறையினர் நேரில் வந்து பதிவேட்டைக் கேட்டாலும், நீங்களாக எடுத்துக் காட்டாமல், அவர்களின் கடிதத்தை வாங்கி உடனே நிர்வாகத்திடம் ஒப்படையுங்கள்.