ஊரில் வீடற்றோர் எத்தனை பேர்? நம்பத்தகுந்த கணக்கு எடுப்பது எப்படி?

கேள்வி: எங்கள் நகராட்சியின் மக்கள்தொகை ஒரு லட்சத்துக்குச் சற்று மேல். வீடற்றோருக்குக் காப்பகம் கேட்டு மனு கொடுத்தால், "இங்கே அப்படி யாரும் இல்லை" என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்புகிறார்கள். வாடகைக் குடித்தனங்களின் நிலையும் மோசமாக இருக்கிறது. குடியிருப்போர் சங்கத்தினரும் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களுமாக முப்பது பேர் இருக்கிறோம். அதிகாரிகள் தள்ளிவிட முடியாத கணக்கு ஒன்றை நாங்களே எடுக்க முடியுமா?

பதில்: முடியும். ஆனால் எடுக்க வேண்டியது ஒரு கணக்கு அல்ல, இரண்டு. தெருவில் படுப்பவர்களை ஒரே இரவில் நடந்து எண்ண வேண்டும். கூரைக்குக் கீழே இருந்துகொண்டே அல்லாடுபவர்களை வீடு வீடாக மாதிரிக் கணக்கெடுப்பில்தான் பிடிக்க முடியும். இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகச் சொன்னால், கேட்பவர் முதல் கேள்வியிலேயே உடைத்துவிடுவார்.

இரண்டாவது கணக்கை எளிதாக நினைத்துவிடாதீர்கள். 2012இல் மத்திய அரசு அமைத்த தொழில்நுட்பக் குழு, நகர்ப்புற இந்தியாவின் வீட்டுப் பற்றாக்குறையை 1.878 கோடி வீடுகள் என்று மதிப்பிட்டது. அதில் வீடே இல்லாதவர்களுக்கானது 5.3 லட்சம்தான். 1.499 கோடி, அதாவது ஐந்தில் நான்கு பங்கு, இடநெருக்கடியால் வந்தது. தெருவை மட்டும் எண்ணினால் சிரமத்தின் பெரும்பகுதி கணக்கில் வராது. வீடுகளை மட்டும் எண்ணினால் மிக மோசமான நிலையில் இருப்பவர்கள் விடுபட்டுப்போவார்கள்.

எண்ணப்போகும் முன்பே யாரை எண்ணுவது என்று எழுதி வையுங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, கட்டடம் எதிலும் குடியிருக்காமல் நடைபாதை, பாலத்தடி, பெரிய குழாய், மாடிப்படிக்குக் கீழ், கோயில் மண்டபம், ரயில்வே நடைமேடை போன்ற இடங்களில் இருப்பவர்களையே வீடற்றோராகக் கொண்டது. நாடு முழுவதும் 17.73 லட்சம் பேர். உங்கள் எண் அரசு எண்ணோடு ஒப்பிடப்படும் என்பதால் இதே வரையறையை முதல் வகையாக வையுங்கள். காப்பகத்தில் இருப்பவர்கள் இரண்டாவது வகை. உணவகத்தின் மாடியிலும் கட்டடப் பணியிடத்தின் தகரக் கொட்டகையிலும் செங்கல் சூளையிலும், வேலை போனால் இடமும் போகும் என்ற நிலையில் தங்கியிருப்பவர்கள் மூன்றாவது வகை. இந்த மூன்றாவது வகைதான் பெரும்பாலான ஊர்களில் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. தனிப்படிவம் வைத்து, முதலாளியோ மேஸ்திரியோ பக்கத்தில் இல்லாத நேரத்தில் பேசுங்கள்.

அரசு மருத்துவமனை வாசலில் படுத்திருப்பவர்களில் பெரும்பாலோர் நோயாளியின் உறவினர்கள். பேருந்து நிலையத்தில் முதல் வண்டிக்குக் காத்திருப்பவர்களும் இருப்பார்கள். இவர்களைப் பிரிக்க, "உங்களுக்கு வீடு இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள். பத்து வருடமாக நடைபாதையில் இருப்பவர்கூட "ஊரில் இருக்கு" என்பார், குடும்ப அட்டையும் வைத்திருப்பார். அந்த ஒரு பதிலால் உண்மையில் வீடற்றவர் கணக்கிலிருந்து விழுந்துவிடுவார். "போன ஏழு ராத்திரியில் எத்தனை ராத்திரி இங்கே படுத்தீங்க? மற்ற ராத்திரி எங்கே?" என்று கேளுங்கள். எத்தனை இரவுக்கு மேல் என்றால் சேர்ப்பது என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். நான்கு இரவு என்பது எங்கள் பரிந்துரை.

இரவுக் கணக்கு

படுக்கும் இடங்களைக் குறிக்கும் வரைபட வேலைக்கு மூன்று வாரம் ஒதுக்குங்கள். இரவில் ஊர் எப்படி இருக்கிறது என்று தெரிந்தவர்கள் விடிகாலை நாலு மணிக்கு டீக்கடை திறப்பவர், ஏ.டி.எம். காவலாளி, மார்க்கெட்டில் மூட்டை இறக்குபவர்கள், ஆட்டோ நிறுத்தத்துக்காரர்கள், எல்லாருக்கும் மேலாகத் தூய்மைப் பணியாளர்கள். ஒவ்வொரு வார்டின் தூய்மைப் பணியாளரிடமும் பேசாமல் வரைபடத்தை முடிக்காதீர்கள். எந்தக் கடைவாசலில் யார் எழுந்துபோன தடம் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். பிறகு ஊரை, இரண்டு மணி நேரத்தில் நடந்து முடிக்கக்கூடிய துண்டுகளாகப் பிரியுங்கள். எல்லையாக வரும் தெருவின் எந்தப் பக்கம் யாருக்கு, மேம்பாலத்தின் அடிப்பகுதி எந்தக் குழுவுக்கு என்பதைத் தாளிலேயே குறியுங்கள். இரட்டை எண்ணிக்கை பெரும்பாலும் இந்த எல்லைகளில்தான் நடக்கிறது.

நாள் தேர்வில் கவனம் வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, படுக்கும் இடம் தினமும் மாறும். பொங்கலுக்குப் பலர் சொந்த ஊர் போய்விடுவார்கள். தைப்பூசத்தில் பாதயாத்திரைக்காரர்கள் மண்டபங்களை நிறைப்பார்கள். திருவிழா, பெரிய முகூர்த்தம், பௌர்ணமி, அமாவாசை இல்லாத பிப்ரவரி வார நாள் ஒன்று நல்லது. 2011இல் அரசும் வீடற்றோரை பிப்ரவரி 28 இரவில்தான் எண்ணியது.

நேரம் இரவு 11 முதல் அதிகாலை 3 வரை. பதினொன்றுக்கு முன்பு கடைகள் மூடியிருக்காது, படுக்க வந்திருக்க மாட்டார்கள். நாலு மணிக்கு மார்க்கெட்டும் பேருந்து நிலையமும் விழித்துவிடும், ஆட்கள் நகர்ந்துவிடுவார்கள். எல்லாத் துண்டுகளும் அதே இரவில் முடிய வேண்டும். குழுவுக்கு மூன்று பேர், அதில் கட்டாயம் ஒரு பெண். முப்பது பேர் என்றால் பத்துக் குழு. இரண்டு நாள் முன்பே காவல் நிலையத்துக்கு எழுத்தில் தகவல் கொடுத்து, ஒப்புதல் முத்திரையுடன் நகல் வாங்குங்கள். ரயில் நிலையத்துக்கு ரயில்வே அனுமதி தனியாக வேண்டும். ஆனால் சீருடைக் காவலர் கூட நடந்து வர வேண்டாம். அவரைப் பார்த்ததும் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள்.

தூங்குபவரை எழுப்பக் கூடாது, முகத்தில் டார்ச் அடிக்கக் கூடாது, போர்வையை விலக்கக் கூடாது, புகைப்படம் எடுக்கவே கூடாது. அது அவருடைய படுக்கையறை. தூங்குபவருக்கு இடம், ஆணா பெண்ணா, தோராய வயது, தனியா குடும்பமா என்று பார்வையால் மட்டும் குறிக்கலாம். ஐயமாக இருந்தால் "ஐயம்" என்று தனிக் கட்டத்தில் போடுங்கள். விழித்திருப்பவரிடம் அனுமதி கேட்டுவிட்டு ஐந்தாறு கேள்விகள் போதும்.

ஆதார் எண் வாங்காதீர்கள். ஒருவரை இரண்டு முறை எண்ணாதிருக்க ஒரு குறியீடு போதும்: பெயரின் முதல் இரண்டு எழுத்து, தந்தை பெயரின் முதல் எழுத்து, சொந்த மாவட்டம், பாலினம். வயதைச் சேர்க்க வேண்டாம். இன்று நாற்பது என்றவர் நாளை நாற்பத்தைந்து என்பார், குறியீடு பொருந்தாது.

பெண்களின் எண்ணிக்கை இரவில் எப்போதும் குறைவாகவே வரும். பாதுகாப்புக்காக அவர்கள் கண்ணில் படாத இடத்தில் ஒதுங்குகிறார்கள், அல்லது இரவெல்லாம் விழித்திருந்து பகலில் தூங்குகிறார்கள். ஆகவே இரவுக் கணக்கோடு நிறுத்தினால் வேலை பாதிதான் முடிந்திருக்கும்.

விடுபட்டவர்களை மதிப்பிடுவது

மறுநாளும் அதற்கடுத்த நாளும், அன்னதானம் நடக்கும் கோயில், தர்கா, மலிவு விலை உணவகம், அரசு மருத்துவமனைப் புறநோயாளிப் பிரிவு, கட்டணக் கழிப்பிடம் ஆகிய இடங்களில் "முந்தாநாள் ராத்திரி" என்று பொதுவாகக் கேட்காமல் குறிப்பிட்ட கிழமையின் பெயரைச் சொல்லி, அன்றிரவு எங்கே படுத்தார்கள் என்று கேளுங்கள். அதே குறியீட்டை எடுங்கள். அடையாள அட்டை மாட்டிய ஆட்கள் (உங்கள் குழுவினர்) அன்றிரவு வந்தார்களா என்றும் கேளுங்கள். இரவில் தூங்கியவர்களுக்குக் குறியீடு இருக்காது. இடம், பாலினம், தோராய வயது மூன்றையும் வைத்து இரண்டு பேர் தனித்தனியாகப் பொருத்திப் பார்த்து, ஒத்துப்போவதை மட்டும் பொருத்தமாகக் கொள்ளுங்கள்.

ஒரு கற்பனைக் கணக்கு: இரவில் 84 பேர், பகல் பட்டியலில் 60 பேர், இரண்டிலும் இருப்பவர் 35 பேர் என்று வைத்துக்கொள்வோம். நேரில் கண்டவர்கள் 84 + 60 − 35 = 109. இரண்டு பட்டியலிலும் சிக்காதவர்களையும் சேர்த்து மதிப்பிட, ஒவ்வொரு எண்ணோடும் ஒன்றைக் கூட்டுங்கள். 85ஐ 61ஆல் பெருக்கி, 36ஆல் வகுத்து, ஒன்றைக் கழித்தால் 143 வரும். 95 சதவீத நம்பிக்கை எல்லை, அதாவது உண்மை எண் பெரும்பாலும் இருக்கக்கூடிய வரம்பு, ஏறக்குறைய 121 முதல் 166. அறிக்கையில் மூன்றையும் எழுதுங்கள்: இரவில் எண்ணியது 84, நேரில் கண்டது மொத்தம் 109, மதிப்பீடு 143. "குறைந்தது 109" என்பதை யாராலும் எளிதில் மறுக்க முடியாது.

இந்த முறை இரண்டு இடங்களில் ஏமாற்றும். கோயில் வாசலில் படுப்பவரே அங்கே சாப்பிடவும் வருவார். அப்படியானவர்கள் இரண்டு பட்டியலிலும் மிகுதியாக இருந்தால் மதிப்பீடு உண்மையைவிடக் குறையும். அதனால்தான் பகல் பட்டியலை ஒரே இடத்தில் எடுக்கக் கூடாது. மாறாக, ஒரே ஆளை அடையாளம் காணத் தவறினால் பொருத்தங்கள் குறைந்து மதிப்பீடு ஊதிப்போகும். இரண்டையும் அறிக்கையில் வெளிப்படையாகச் சொல்லுங்கள், நம்பகம் கூடும்.

வீடுகளின் கணக்கு

ஒரு லட்சம் பேர் உள்ள ஊரில் ஏறத்தாழ 25,000 குடும்பங்கள் இருக்கும். எல்லாரிடமும் போக வேண்டியதில்லை. முப்பது தெருத்தொகுதிகளைக் குலுக்கலில் எடுத்து, ஒவ்வொன்றிலும் இருபது குடும்பங்கள், ஆக 600. 400 போதாதா என்று கேட்பீர்கள். ஒரே தெருவில் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் ஒத்திருப்பார்கள் என்பதால், தொகுதிகளாக எடுத்த 600தான் ஊர் முழுக்கச் சிதறி எடுத்த 400க்குச் சமமாக நிற்கும். பிழை வரம்பு கூடக்குறைய ஐந்து சதவீதப் புள்ளி.

சொத்து வரிப் பதிவேட்டிலிருந்து வீடுகளைத் தேர்வு செய்யாதீர்கள். புறம்போக்கில் கதவு எண் இல்லாத வீடுகளும், பின்கட்டில் குடியிருப்பவர்களும், மொட்டை மாடித் தகரக் கொட்டகைகளும் அதில் இருக்காது. மின் இணைப்புப் பட்டியலும் உதவாது. ஒரு மீட்டரில் மூன்று குடும்பம் இருக்கும். தெருவில் நடந்து அடுப்புகளை எண்ணிப் புதுப் பட்டியல் போடுங்கள், பிறகு குலுக்குங்கள். பூட்டியிருந்தால் வெவ்வேறு நேரங்களில் மூன்று முறை போங்கள், ஞாயிறும் மாலை ஏழு மணியும் உட்பட. பக்கத்து வீட்டை மாற்றாக எடுத்தால் கூலி வேலைக்குப் போகிறவர்கள் எல்லாம் விடுபட்டு, வீட்டில் இருப்பவர்களின் கணக்காகிவிடும்.

கேள்விகள் இருபதுக்குள் இருக்கட்டும். சமையலறை, கழிப்பறை நீங்கலாக எத்தனை அறை, எத்தனை பேர், தனி அறை இல்லாத மணமான தம்பதி உண்டா? ஐ.நா. வாழ்விட அமைப்பு ஓர் அறைக்கு மூன்று பேருக்கு மேல் இருந்தால் நெருக்கடி என்கிறது. நம் தொழில்நுட்பக் குழு, தம்பதிக்குத் தனி அறை இல்லாததை அளவாகக் கொண்டது. இரண்டையும் கேளுங்கள். ஒரே அடுப்பில் சாப்பிடும் கூட்டுக் குடும்பம் விரும்பி இருக்கிறதா, வழியில்லாமல் இருக்கிறதா என்பதை அறை எண்ணிக்கை காட்டாது. "கட்டுப்படியாகும் வாடகைக்கு இடம் கிடைத்தால் தனியாகப் போவீங்களா?" என்று ஒரு கேள்வி சேருங்கள். கழிப்பறையை எத்தனை குடும்பம் பகிர்கிறது, போன மழையில் எத்தனை நாள் வெளியேறி இருந்தார்கள், இரண்டு வருடத்தில் எத்தனை முறை வீடு மாறினார்கள், ஏன் என்பவையும் அவசியம்.

வாடகைச் சுமையைக் கணக்கிடும்போது பலரும் வாடகையோடு நின்றுவிடுகிறார்கள். வீட்டுக்காரர் வசூலிக்கும் கரண்ட் காசு, தண்ணீர் லாரிப் பங்கு, பராமரிப்பு, அட்வான்ஸ் கொடுக்க வாங்கிய கடனின் மாத வட்டி எல்லாம் சேர்ந்ததே வீட்டுச் செலவு. வருமானத்தில் 30 சதவீதத்தைத் தாண்டினால் சுமை என்பது உலகளவில் புழங்கும் கோடு. மாத வருமானம் கேட்டால் சரியான பதில் வராது, ஒரு நாள் கூலியையும் போன மாதம் வேலை கிடைத்த நாட்களையும் கேட்டுப் பெருக்குங்கள். அட்வான்ஸ் எத்தனை மாத வாடகை, எழுத்து ஒப்பந்தம் உண்டா என்றும் கேளுங்கள். 2019 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. ஒத்திக்கு இருப்பவர்களைத் தனியாகக் குறியுங்கள், அவர்களுக்கு வாடகை பூஜ்யம் என்று எழுதினால் சராசரியே கெட்டுப்போகும். இந்தக் கேள்விகளை வீட்டுக்காரர் காதில் விழும் இடத்தில் கேட்கவே கூடாது.

அறிக்கையில் வார்டு வாரியான எண் போதும். யார் எந்தப் பாலத்தடியில் படுக்கிறார் என்ற வரைபடத்தை யாருக்கும் கொடுக்காதீர்கள், நகராட்சிக்கும்கூட. தமிழ்நாட்டில் 1945ஆம் ஆண்டின் பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டம் இருக்கிறது. உதவிக்காக எடுத்த வரைபடம் ஆட்களை அப்புறப்படுத்தப் பயன்படக்கூடும். ஒப்பிட்டுச் சரிபார்த்த பின் அசல் படிவங்களின் இட விவரத்தை அழித்துவிடுங்கள்.

மனுவில் எண்ணோடு விதியையும் வையுங்கள். 2024இல் முடிந்த மத்திய அரசின் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் வழிகாட்டுதல், ஒரு லட்சம் மக்களுக்கு 100 பேர் தங்கும் காப்பகம் ஒன்று, ஆளுக்கு 50 சதுர அடி என்றது. ஆண், பெண், குடும்பம் என்று பிரித்த எண்ணிக்கையைக் கொடுங்கள். குடும்பங்கள் தங்க இடமில்லாத காப்பகம் கட்டிவிட்டு, யாரும் வரவில்லை என்று மூடிவிட இடம் கொடுக்கக் கூடாது.

ஒவ்வொரு குழுவின் அட்டையின் பின்புறமும் சில எண்களை அச்சிடுங்கள்: தனியாக இருக்கும் குழந்தைக்கு 1098, ஆதரவற்ற முதியவருக்கு 14567, ஆபத்தில் இருக்கும் பெண்ணுக்கு 181, உடல்நிலை மோசமாக இருந்தால் 108. மனநலம் குன்றி அலைபவரைப் பாதுகாப்பில் எடுப்பது, 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100ஆம் பிரிவின்படி அந்தப் பகுதிக் காவல் நிலையப் பொறுப்பாளரின் கடமை. அதைத் தொலைபேசியில் சொல்ல நேர்ந்தால் பிரிவு எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள்.